சீட்டைக் கவிழ்த்து வைப்பவர்

1981 நவம்பர் 14, சனிக்கிழமை. காலை 5.20-க்கு எழுந்தேன். இரவு மழை. கிணற்றில் தண்ணீர் மேலே வந்திருந்தது. நாலு முழம் கயிறு போதுமாக இருந்தது. 7.35 பஸ்ஸில் பூவத்திலிருந்து காரைக்கால். பள்ளியில் குழந்தைகள் தினம். அலுவலக எழுத்தர் என்ற முறையில் மிட்டாய்ப் பொட்டலங்களை வகுப்புவாரியாகப் பிரித்துக் கொடுத்தேன். ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு இரண்டு குறைந்தது. ஆசிரியர்களுக்கு வைத்திருந்ததில் எடுத்துச் சரிசெய்தேன். ஒன்றரைக்குப் பள்ளி விட்டது. சாப்பிட்டு, கேரியரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மூன்று மணிக்கு ஜலாலுதீன் பாயின் கடைக்குப் போனேன்.

அன்றைய டைரிப் பக்கத்தில் இவ்வளவும் இருக்கிறது. அதற்குக் கீழே, “கோவை ஆட்டம், விட்டவை ஆடிப் பார்த்தோம்” என்று ஒரே ஒரு வரி. அந்த வரிக்குள் இருப்பவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அவர் பெயரை எழுதவில்லை. அவரும் தன் பெயரை எங்கும் போட்டதில்லை. ஐந்து வருஷமாக எங்கள் கார்டுகளை எழுதியவர் அவர்தான். ஒவ்வொன்றின் அடியிலும் ‘காரைக்கால் குழு’ என்று மட்டும் இருக்கும்.

நாங்கள் நான்கு பேர். வாரம் ஒருமுறை கூடி, வெளியூர்க் குழு ஒன்றோடு தபால் கார்டில் சதுரங்கம் ஆடினோம். அவர்களின் நகர்த்தல் ஒரு கார்டில் வரும். எங்களுடையது ஒரு கார்டில் போகும். போக நான்கு நாள், வர நான்கு நாள், நாங்கள் கூடும் சனிக்கிழமைக்காகக் காத்திருப்பது மிச்சம். ஆக ஒரு நகர்த்தலுக்கு இரண்டு வாரம். ஓர் ஆட்டம் முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

இடம், படத்துக்குக் கண்ணாடி போட்டுத் தரும் ஜலாலுதீன் பாயின் கடைப் பின்கட்டு. கண்ணாடி அறுக்கும் பெரிய மேசையில் பாதியை எங்களுக்கு ஒதுக்கித் தருவார். பலகையும் காய்களும் அந்துவானுடையவை. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, சைகோனெல்லாம் பார்த்துவிட்டு வந்த ‘சொல்தா’, பட்டாளப் பென்ஷன்காரர். பிரெஞ்சில் ஐயா என்பதுபோல அவரை எல்லோரும் ‘முசியே’ என்போம். மூன்றாவது ஆள் நான். நான்காமவர்தான் அவர், பாசன அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேன். வாய்க்கால் வரைபடம் போடும் கை என்பதால், கார்டு எழுதும் வேலை முதல் நாளே அவரிடம் போயிற்று.

எங்கள் முறை இது. பலகையைப் பார்த்துக் கால் மணி நேரம் யாரும் பேசக்கூடாது. ஒவ்வொருவரும் தன் நகர்த்தலைச் சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். பிறகு பிரித்துப் படித்து, சண்டை போட்டு, ஓட்டு. இரண்டுக்கு இரண்டு என்று வந்தால் கார்டு எழுதுகிறவர் பக்கம் ஜெயிக்கும். “எழுதுற கைக்கு ரெண்டு ஓட்டு” என்று சட்டம் போட்டவர் முசியே.

அந்த இரண்டாவது ஓட்டை அவர் ஒரே ஒரு முறை பயன்படுத்தினார். 1977-இல், தூத்துக்குடிக் குழுவோடு ஆடியபோது. ராணியால் ஒரு சிப்பாயை எடுப்பதா, ராஜாவுக்குக் கோட்டை கட்டுவதா என்று இரண்டுக்கு இரண்டாக நின்றது. எடுக்கலாம் என்றார். எடுத்தோம். ஐந்து நகர்த்தலில் ராணி மாட்டிக்கொண்டது. தபாலில் தோற்பது மெதுவாக நடக்கும். தோற்றுவிட்டோம் என்று தெரிந்த பிறகும் இரண்டரை மாதம் கார்டு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

“என்னய்யா டிராப்ட்ஸ்மேன், ராணியவே தூத்துக்குடிக்கு அனுப்பிவெச்சிட்டீரே. ஸ்டாம்பு சரியா ஒட்டுனீரா?” என்றார் முசியே.

“ஒட்டாமப் போயிருந்தாத் திரும்பி வந்திருக்குமே முசியே” என்றார் பாய்.

அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு இரண்டுக்கு இரண்டு வரும்போதெல்லாம் தன் சீட்டை எடுத்து மேசையில் கவிழ்த்து வைப்பார். “எனக்கும் அதுதாங்க சரின்னு படுது” என்று எதிர்ப்பக்கம் சேர்ந்துகொள்வார். மூன்றுக்கு ஒன்று ஆகிவிடும். என் டைரிக் கணக்கில் அப்படிப் பதினொரு தடவை. ஒருமுறை அவர் டீ சொல்லப் போனபோது கவிழ்ந்த சீட்டை நிமிர்த்தி, பலகையோடு வைத்து இன்னொரு முறை பார்த்தேன். எங்களுடையதைவிட அது நல்ல நகர்த்தல். பழையபடி கவிழ்த்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

டீ என்றால் அதிலும் கேள்விதான். “சர்க்கரை போட்டா, போடாமயா” என்று டீக்கடைக்காரர் கேட்டால் எங்களைத் திரும்பிப் பார்ப்பார். “நீங்க என்ன சொல்றீங்க?” அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். கார்டை எழுதி முடித்து மூன்று முறை உரக்கப் படிப்பார். கடைக்கு எதிரில்தான் தபால் பெட்டி. பாதிக் கார்டைப் பெட்டியின் வாய்க்குள் விட்டபடி திரும்பிப் பார்த்து, “ஏதும் மாத்தணுமாங்க?” என்பார். நாங்கள் மூவரும் கடை வாசலில் நின்று ‘போடுங்க’ என்று கத்திய பிறகுதான் விரல் விடும்.

அவர் மனைவியை நான் பார்த்தது ஒரே தடவை. 1979-இல், அவர்களுடைய கல்யாணப் போட்டோவின் கண்ணாடி உடைந்துபோய், மாற்றிக்கொண்டு போக அந்த அம்மாள் கடைக்கு வந்திருந்தார். நாங்கள் பின்கட்டில் இருந்தோம். எட்டிப் பார்த்து, “இதுல யாரு ஜெயிக்கிறா?” என்று கேட்டார்.

“எல்லாரும் ஒரே கட்சிங்க. எதிராளி வெளியூர்ல இருக்காரு” என்றார் பாய்.

“அப்ப இவுங்களுக்கு ஏத்த ஆட்டந்தான். வீட்டுல கத்தரிக்காயா வெண்டைக்காயான்னு கேட்டாக்கூட, பக்கத்து வீட்ல என்ன வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வந்துதான் பதில் வரும்.”

முசியே மேசையைத் தட்டிச் சிரித்தார். “ஏம்மா, உன்னயப் பொண்ணு பாக்க வந்தப்ப எத்தனை பேரக் கேட்டாரு?”

“பதினேழு பேரு வந்தாங்க. பதினாறு பேரு சரின்னாங்க. இவுங்க வாயே தொறக்கல.”

அவர் தலையைக் குனிந்து ஒரு குதிரையைக் கட்டத்தின் நடுவில் சரியாக நிறுத்திக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தார் என்று நினைக்கிறேன்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. ஓட்டில் தோற்ற நகர்த்தல்களை அவர் விடமாட்டார். நீல அட்டை நோட்டு ஒன்றில் தேதி, நகர்த்தல் எண், தோற்ற நகர்த்தல், அதற்கு ஓட்டுப் போட்டவர்கள் என்று கோடு போட்டு எழுதி வருவார். தன்னை ‘எழுதுபவர்’ என்று குறிப்பார். மேசையில் அவர் பக்கம் மாறியிருந்தாலும், சீட்டில் முதலில் என்ன எழுதியிருந்தாரோ அந்தக் கணக்கில்தான் நோட்டில் பெயர் ஏறும். ஆட்டம் முழுக்க முடிந்ததும் ஒரு சனிக்கிழமை முழுவதும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஆடிப் பார்ப்போம். நான் படிப்பேன்; அவர் காய்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து, விட்டுப்போன நகர்த்தலை ஆடுவார். அப்படி ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம். ஜெயிப்பதைவிட அவருக்கு இது பிடிக்கும் என்று எனக்குத் தோன்றும். ஒரு தடவை முசியே கேட்டார்: “செத்த பொணத்துக்கு எதுக்குய்யா நாடி பாக்கறீரு?” அவர், “வேற வழி இருந்திச்சான்னு தெரியணுமில்லீங்க” என்றார்.

1981 பிப்ரவரி 21. அதுவும் சனிக்கிழமை. கோயம்புத்தூரில் மில் வேலை பார்க்கும் ஐந்து பேரோடு ஆட்டம், பதினாறாவது நகர்த்தல். குதிரையை முன்னே விடுவதா, யானையை ஒரு கட்டம் நகர்த்திப் பொறுத்துப் பார்ப்பதா என்று பேசி, மூன்றுக்கு ஒன்றில் யானை என்று முடிவானது. குதிரை கேட்டவர் பாய் மட்டும். கார்டு எழுதியாயிற்று. நான் செருப்பைப் போட்டுவிட்டேன். அவர் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணு கேக்கணுங்க. ஆட்டம் பத்தி இல்ல.”

மனைவிக்கு வயிற்றில் கட்டி. ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, உடனே பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போய் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார். மைத்துனர், கத்தி வைத்தால் கெடும் என்று ஒரு வைத்தியரிடம் மருந்து வாங்கி வந்திருக்கிறார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் சாப்பிட வேண்டும். இதையெல்லாம் அவர் கார்டைப் படிக்கும் குரலிலேயே சொன்னார்.

“வீட்டுல அவங்க என்ன சொல்றாங்க?” என்று கேட்டார் பாய்.

“நீங்க சொல்லுங்க, நான் வர்றேங்கிறா.”

“அப்ப நீங்க சொல்லுங்க.”

“நீங்க மூணு பேரும் சொல்லுங்க. இதுல எனக்கு ஓட்டு வேணாம். மூணு பேருன்னா சமமா வராது.”

பாய் கண்ணாடி அறுக்கும் வைரத்தைக் கீழே வைத்தார். “அண்ணே, இதுல என்ன ஓட்டு? நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. வண்டி வேணும்னா நான் பேசறேன்.”

முசியே தலையை ஆட்டினார். “சைகோன்ல என்கூட இருந்தவன்” என்று தொடங்கினார். “இந்த மாதிரித்தான் வயித்துல. நடந்து போயி மேசையில படுத்தான். எறங்கல. நான் பொறுத்துப் பாக்கச் சொல்லுவேன்.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் என்ன சொன்னேன் என்பது நினைவிருக்கிறது. “ஒரு மண்டலந்தானே, பாத்துட்டுப் போகலாமே.” ஏன் சொன்னேன் என்பது நினைவில்லை. அன்றைய பக்கத்தை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். “16: யானை, 3–1. டிராப்ட்ஸ்மேன் மனைவி விஷயம்: பொறுத்துப் பார்ப்பது, 2–1. 6.10 பஸ் பிடித்தேன். வழியில் தூறல்.” காரணம் எழுதவில்லை. நான் காரணங்களை எழுதும் வழக்கம் உள்ளவன். பஸ் தாமதமானால்கூட ஏன் என்று எழுதுவேன். பஸ்ஸுக்கு எட்டு நிமிடம்தான் இருந்திருக்கும். அதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

“சரிங்க” என்றார் அவர். பேனாவை மூடினார். எதிரே போய், பாதிக் கார்டைப் பெட்டிக்குள் விட்டுத் திரும்பிப் பார்த்தார். “ஏதும் மாத்தணுமாங்க?”

நானும் முசியேயும் “போடுங்க” என்றோம். பாய் எதுவும் சொல்லவில்லை.

நாற்பத்தெட்டு நாள் மருந்து நடந்தது. அந்த நாட்களில் அவர் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால், “இருக்காங்க” என்பார். ஏப்ரலில் பாண்டிச்சேரி போனார்கள். இரண்டு வாரம் வரவில்லை; கார்டை நான் எழுதினேன். மூன்றாம் வாரம் வந்து உட்கார்ந்து, பலகையைப் பார்த்து, நான் எழுதியதைச் சரிபார்த்தார். பிறகு, “தெறந்து பாத்துட்டு மூடிட்டாங்க” என்றார். நாங்கள் சீட்டு எழுதத் தொடங்கினோம்.

அந்த அம்மாள் ஜூலை 9-ஆம் தேதி இறந்தார். வியாழக்கிழமை. நான் போயிருந்தேன். மைத்துனர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். யார் எதைக் கேட்டாலும் அவர், “நீங்க சொல்றபடி செய்ங்க” என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் போட்டோவுக்குக் கண்ணாடி போட எங்கள் மேசைக்குத்தான் வந்தார். கல்யாணப் படத்திலிருந்து அந்த அம்மாளை மட்டும் பெரிதாக்கி எடுத்த படம். பக்கத்தில் நின்ற அவருடைய தோள் ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தது. பாய் சட்டங்களைப் பரப்பி வைத்தார். கறுப்பு ஒன்று, பொன் கோடு போட்டது ஒன்று.

அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்க?”

முசியே எழுந்து வெளியே போய்விட்டார். நான் கறுப்பைத் தொட்டேன். பாய் கறுப்பை எடுத்து அளந்தார். தோள் தெரிந்த ஓரத்தைச் சட்டத்துக்குள் மறைத்தார்.

அவர் எங்களை ஒரு சொல் சொன்னதில்லை. நான் அதற்காகக் காத்திருந்தேன். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் சனிக்கிழமைகளில் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் என் கை காயைத் தொடாமல் நிற்கும். “பிஷப்பை அங்க வெச்சா அந்தச் சிப்பாய் என்ன ஆகும்?” என்பார். அவ்வளவுதான். கோவைக்காரர்களின் நிலைமை ஒவ்வொரு கார்டிலும் மோசமாகிக்கொண்டிருந்தது. முப்பத்து நான்காவது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுதிவிட்டார்கள். அதே கார்டில், அடுத்த ஆட்டம் உண்டா என்று கேட்டிருந்தார்கள்.

அந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்த நாள்தான் நவம்பர் 14. வெளியே மழை பிடித்துக்கொண்டது. பாய் விளக்கைப் போட்டார். அவர் நீல நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் காய்களை அடுக்கினார். நான் படித்தேன். நாலாவது நகர்த்தல், முசியே கேட்ட சிப்பாய். அது அப்போதே தோற்றிருக்கும். “நல்லவேளை எனக்கு எதிரா ஓட்டுப் போட்டீங்க” என்றார் முசியே. ஒன்பதாவது, நான் கேட்டது, மோசமில்லை. பன்னிரண்டாவது. பக்கத்தைத் திருப்பினேன்.

“21.2.81. பதினாறு: குதிரை முன்னே. ஜலால்.”

அதற்குக் கீழே அதே மையில், அதே ஸ்கேல் கோட்டுக்குள் இன்னொரு வரி இருந்தது.

“பாண்டிச்சேரி, உடனே. ஜலால், எழுதுபவர்.”

நான் படிக்கவில்லை. இரண்டு பெயர். மறுபக்கம் முசியேயும் நானும், இரண்டு பெயர். எழுதுகிற கைக்கு இரண்டு ஓட்டு. இந்தக் கூட்டலுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

“என்ன கிளார்க்கு சார், தூக்கமா? படிங்க” என்றார் முசியே.

“குதிரை” என்றேன். “குதிரை முன்னே. பாய் கேட்டது.”

அவர் குதிரையை முன்னே வைத்தார். கோவைக்காரர்களுக்காக முசியே பதில் ஆடினார். ஏழெட்டு நகர்த்தல் போய்ப் பார்த்தோம். யானை ஆடியதற்கும் குதிரை ஆடியிருந்தால் வந்திருக்கக்கூடியதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாய், “பாத்தா ரெண்டும் ஒண்ணுதான் போலிருக்கு” என்றார். அவர் காய்களைப் பழைய இடங்களுக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்.

நான் இன்னும் அந்தப் பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“கீழ ஒண்ணு இருக்குங்க” என்றார் அவர், பலகையிலிருந்து தலையை எடுக்காமல். “அத ஆடிப் பாக்க முடியாது. அடுத்ததுக்குப் போங்க.”

“என்னது அது?” என்றார் முசியே.

“ஒண்ணுமில்ல முசியே.”

நான் பக்கத்தைத் திருப்பிப் பத்தொன்பதாவதைப் படித்தேன்.

ஐந்தரைக்கு நோட்டு முடிந்தது. கோவைக்காரர்களுக்குப் பதில் எழுத வேண்டும். அடுத்த ஆட்டம் ஆடுவதா, வேண்டாமா. பாய் ஆடலாம் என்றார். முசியே, “ஜெயிச்சவன் எந்திரிக்கக் கூடாது” என்றார். என் முறை வந்தது.

“இந்தத் தடவை நீங்க முதல்ல சொல்லுங்க” என்றேன் அவரிடம்.

ஐந்து வருஷத்தில் அவரிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. பிப்ரவரியில் பாய் கேட்டதைத் தவிர. அவர் மேசையிலிருந்த கண்ணாடித் தூளை ஒரு தாளால் ஓரமாகத் தள்ளினார். மழை ஓட்டில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு எழுதாத கார்டையும் தன் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

“இனிமே நீங்க எழுதுங்க சார். எனக்குக் கை நடுங்குது.”

கை நடுங்கவில்லை. அன்று பிற்பகல் முழுவதும் நெருக்கமாக நின்ற காய்களுக்கு நடுவில், ஒன்றையும் தட்டாமல் போய்வந்த அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கிளார்க்கு சாருக்கும் எழுத்து நல்லாத்தானே இருக்கும்” என்றார் பாய். நான் எழுதினேன். ‘ஆடலாம். காரைக்கால் குழு.’ அவர் வாங்கி ஒரு முறை படித்துப் பார்த்துத் தலையசைத்தார். கார்டு நனையாமல் இருக்கச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு 6.10 பஸ்ஸுக்குப் போனேன். தபால் பெட்டி எதிரேதான் இருந்தது. அன்று போடவில்லை.

அவர் அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் சனிக்கிழமைதோறும் வந்தார். 1984 ஜனவரியில் மாற்றல் ஆகி மாஹேக்குப் போனார். போக வேண்டுமா என்று எங்களை அவர் கேட்கவில்லை; உத்தரவு வந்தது, போனார். ஒரே ஒரு கார்டு போட்டார். வந்து சேர்ந்ததாகவும் அங்கேயும் மழை என்றும் எழுதியிருந்தார். நான் போட்ட இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. நீல நோட்டை அவரே எடுத்துப் போனார்.

1981 நவம்பர் 15, ஞாயிறு. 5.20-க்கு எழுந்தேன். மழை விட்டிருந்தது. கிணற்றடிக்குப் போவதற்கு முன், டைரியில் பிப்ரவரி 21-ஆம் பக்கத்தை எடுத்தேன். ‘2–1’ என்பதைக் கீழே இருப்பது தெரியும்படி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் ‘2–2’ என்று எழுதினேன். அலுவலகப் பதிவேட்டில் திருத்தம் செய்தால் போடுவதுபோல, ஓரத்தில் தேதியிட்டுச் சுருக்கொப்பம் வைத்தேன்.